படத்தில் பதினேழு இடங்கள்

பத்து மாடிக் குடியிருப்பின் உச்சியில், லிஃப்டை இழுக்கும் மோட்டார் இருக்கிற அறையில், கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்து, ஐம்பத்திரண்டு வயதுக்காரர் ஒருவர் பொம்மைப் படம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கையில் போன், மறு கையில் பேனா. தொடையின் மேல் சர்வீஸ் நோட்டு. எந்தக் கட்டடத்தில் கயிறு தேய்ந்திருக்கிறது, எந்தக் கதவு இடிக்கிறது என்றெல்லாம் குறித்து வைக்கிற நோட்டு அது. அன்று அதில் அவர் எழுதியது வேறு: "பன்னிரண்டாவது நிமிடம். வாத்து, நீர்நாயின் கழுத்தில் சால்வை சுற்றிவிடுகிறது. இரண்டும் பெண்."

இருபத்தெட்டு வருடமாக லிஃப்ட் மெக்கானிக். கைராசிக்காரர் என்று பெயர். லிஃப்ட் நின்றுவிட்டது என்று போன் வந்தால், போகிற வழியிலேயே ஏறக்குறைய கண்டுபிடித்துவிடுவார். "காரணம் இல்லாம எதுவும் நிக்காது. தேடினா கிடைக்கும். கிடைச்சா சரி பண்ணிடலாம்," என்பார். அதே நம்பிக்கையோடுதான் இப்போதும் தேடிக்கொண்டிருந்தார். தேடியது லிஃப்டின் கோளாறை அல்ல.

அவருக்கு ஒரே மகள். இருபத்துமூன்று வயது. வீட்டில் சிட்டு என்று கூப்பிடுவார்கள். மழலையர் பள்ளி ஒன்றில் ஆசிரியை. மூக்கு ஒழுகும் மூன்று வயதுக் குஞ்சுகளை வரிசையாக உட்காரவைத்து, தானும் தரையில் உட்கார்ந்து பாட்டுச் சொல்லிக் கொடுப்பாள். நான்கு மாதத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, அவளுடைய கல்யாணப் பேச்சை அவர் எடுத்தார். அவள் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள்.

"எனக்கு மாப்பிள்ளை பார்க்காதீங்கப்பா. நான் ஒருத்தரை விரும்பறேன்."

"அட! யாரு? என்ன பண்றான்?"

"பண்றான் இல்லப்பா. பண்றா. ஆஸ்பத்திரியில நர்ஸா இருக்கா."

அவர் சிரித்தார். மகள் விளையாடுகிறாள் என்று நினைத்து நன்றாகவே சிரித்தார். சிரித்தபடியே மனைவியைத் திரும்பிப் பார்த்தார். மனைவி சிரிக்கவில்லை. ஆச்சரியப்படவும் இல்லை. அப்போதுதான் அவர் வாயில் இருந்த சிரிப்பு அப்படியே உறைந்தது.

"யாரு உனக்கு இதெல்லாம் சொல்லிக் குடுத்தா?" என்று கேட்டார்.

"யாரும் சொல்லிக் குடுக்கல. பசிக்குதுன்னு யாராவது சொல்லிக் குடுப்பாங்களாப்பா?"

"வாயை மூடு! என் ரத்தத்துல இப்படி ஒண்ணு வராது. நீ என் பொண்ணே இல்லன்னு நெனச்சுக்கறேன்."

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். புத்தி மட்டுமல்ல, அன்றைக்கு அவருக்குக் காதும் இல்லை. அவள் அழுததோ, "அப்பா, ஒரு நிமிஷம் கேளுங்க" என்று இரண்டு தடவை சொன்னதோ அவருக்குள் போகவில்லை. ஒரே ஒரு பையோடு அவள் படியிறங்கிப் போனாள்.

"கேட்ட கேள்விக்கு நிஜத்தைச் சொன்னா," என்றாள் மனைவி. "பொய் சொல்லியிருந்தா வீட்டுலயே இருந்திருப்பா, இல்ல?" அதற்குப் பிறகு அவள் அவரிடம் பேசுவது "சாப்பாடு மூடி வெச்சிருக்கு", "பால் தீர்ந்துடுச்சு" என்ற அளவோடு நின்றுவிட்டது.

அவருக்குச் சோறு இறங்கவில்லை. தூக்கம் பிடிக்கவில்லை. மகளுக்குப் போன் செய்ய எத்தனையோ தடவை எடுத்தார். வீம்பு குறுக்கே நின்றது. வீம்பை விடப் பெரியதாக அந்தக் கேள்வி நின்றது: யார் சொல்லிக் கொடுத்தது? எங்கே தவறியது?

அந்த நேரத்தில்தான் பல் டாக்டர் வந்து சேர்ந்தார். அந்தப் பத்து மாடிக் கட்டடத்தில் குடியிருக்கிறவர். பிள்ளைகளைப் பாதுகாக்க என்று நானூறு பெற்றோரைச் சேர்த்து வாட்ஸப் குழு நடத்துகிறார். லிஃப்ட் கதவைக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்த மெக்கானிக்கிடம் ஒரு வீடியோவைக் காட்டினார். ஒரு பொம்மைப் படத்தில் இரண்டு ஆண் கரடிகள் ஒரே போர்வைக்குள் தூங்குகின்றன. அதைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம்.

"பாருங்க சார், பிஞ்சு மனசுல எப்படி ஊசி போடறான்னு. எல்லாம் திட்டம் போட்டுச் செய்யறது. வெளியில பார்த்தா கரடி. உள்ளே இருக்கிறது வேற சேதி. பத்து வருஷம் கழிச்சு அந்தப் பிள்ளை வந்து நிக்கும் பாருங்க, 'நான் இப்படித்தான்'னு."

மெக்கானிக்கின் கையில் இருந்த திருப்புளி கீழே விழுந்தது. வெள்ளத்தில் போகிறவனுக்குக் கட்டை கிடைத்த மாதிரி இருந்தது அவருக்கு.

சிட்டுவுக்கு ஆறு வயதில் மாடிப்படியில் விழுந்து கால் முறிந்தது. ஆறு வாரம் கட்டு. ஓடுகிற பிள்ளையைக் கட்டிலில் வைப்பது எப்படி? நடைபாதைக் கடையில் ஒரு படத்தட்டு வாங்கி வந்தார். நீர்நாய் ஒன்றும் வாத்து ஒன்றும் ஓட்டைப் படகில் சேர்ந்து குடியிருக்கிற கதை. அதைத் தினம் இரண்டு தடவை பார்த்தாள். வசனமெல்லாம் தலைகீழ்ப் பாடம். இரண்டும் பெண் என்பது அப்போது யார் கண்ணில் பட்டது?

'நான்தான் வாங்கிக் கொடுத்தேன்' என்று அவருக்குத் தோன்றியது. அது கொல்லுகிற எண்ணம்தான். ஆனால் அதில் ஒரு நிம்மதியும் இருந்தது. மகள் அப்படிப் பிறக்கவில்லை, யாரோ செய்துவிட்டார்கள். செய்ததைச் சரி பண்ணிவிடலாம்.

அந்தப் படத்தைப் போனில் தேடிப் பிடித்து, மோட்டார் அறைகளில் உட்கார்ந்து ஒன்பது தடவை பார்த்தார். பதினேழு இடங்கள் அகப்பட்டன. சால்வை ஓர் இடம். இரண்டும் ஒரே தட்டில் சாப்பிடுவது ஓர் இடம். ஆற்றில் அடித்துக்கொண்டு போகிற நீர்நாயைப் பார்த்து வாத்து கத்துகிறதே, "நீ இல்லாத கரை எனக்கு எதுக்கு!" அது பதினோராவது இடம். அதற்கு மட்டும் இரண்டு கோடு போட்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் அந்தக் குழுவில் தன் குரலைப் பதிவு செய்து அனுப்பினார். எழுதி வைத்ததைப் படிக்கத்தான் ஆரம்பித்தார். இரண்டாவது நிமிடத்தில் நோட்டை மூடிவிட்டார். நான்கு மாதமாக அடக்கி வைத்தது மொத்தமும் மடை உடைத்துக்கொண்டு வந்தது. "என் பொண்ணு தங்கமான பொண்ணுங்க. சின்னப் பிள்ளைங்களுக்கு டீச்சருங்க. இந்தப் படம் அவளை அழிச்சிடுச்சு. உங்க பிள்ளைங்களையாவது காப்பாத்திக்கங்க," என்று ஆறு நிமிடம் விம்மி விம்மி அழுதார்.

பல் டாக்டர் உடனே கூப்பிட்டார். "கல்லும் கரையும் சார்! ஆனா ஆதாரம் ஒண்ணு வேணும். நம்ம மொழியில அந்தப் படத்துக்கு வசனம் எழுதினவங்க யாராவது ஒரு வார்த்தை சொன்னாப் போதும். தடை பண்ணச் சொல்லி மனு குடுத்துடலாம்."

படத்தின் கடைசியில் ஓடுகிற எழுத்துகளில் குரல் சேர்த்த ஸ்டூடியோவின் பெயர் இருந்தது. புதன்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டுத் தேடிப் போனார்.

டயர் கடைக்கு மேலே இரண்டாவது மாடி. லிஃப்ட் இல்லை. உள்ளே சுவரெல்லாம் முட்டை அட்டை மாதிரி பஞ்சு ஒட்டியிருந்தது. வசனம் எழுதுகிற அம்மாள் ஒரு சின்ன அறையில் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, ஓர் அணில் வாயைத் திறந்து மூடுவதைத் திருப்பித் திருப்பி ஓட்டிக்கொண்டிருந்தாள். ஐம்பது வயது இருக்கும். கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தாள்.

"பத்து நிமிஷம்தான். அணிலுக்கு இன்னும் பேச்சு வரல," என்றாள். "சொல்லுங்க."

மெக்கானிக் நோட்டைத் திறந்து பதினேழையும் வாசித்தார். அவள் குறுக்கே பேசவில்லை. பதினோராவது வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அது நான் எழுதினது."

மெக்கானிக் பேனாவைத் திறந்தார். "அப்போ ஒத்துக்கறீங்களா?"

"மூலத்துல அந்த வாத்து 'நில்லு, நில்லு'ன்னுதான் கத்தும். நம்ம மொழியில 'நில்லு'ன்னா வாய் சட்டுன்னு மூடிக்கும். அங்கே வாத்து வாய் இன்னும் ரெண்டு செகண்ட் ஆடிட்டே இருக்கும். எதையாவது போட்டு நிரப்பணும்."

"நிரப்ப வேற வார்த்தையா கிடைக்கல? இதையா போடணும்?"

அவள் கண்ணாடியை எடுத்து முந்தானையில் துடைத்தாள். "அன்னிக்கு என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில இருந்தாரு. பிழைக்க மாட்டார்னு சொல்லிட்டாங்க. இங்கே வந்து உக்காந்து அந்த வாத்துக்கு வாய் நிரப்பினேன். வேற என்ன வரும் எனக்கு?"

அவர் பேனாவை மூடினார். நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்க பாருங்க," என்றாள் அவள். "ரெண்டு அம்மா இருக்கிற வீடு, ரெண்டு அப்பா இருக்கிற வீடுன்னு இப்பல்லாம் சில படம் வருது. இல்லேன்னு சொல்ல மாட்டேன். நானே ஒண்ணுக்கு எழுதியிருக்கேன். அது யாரும் ஒளிச்சு வைக்கிறதில்ல, பளிச்சுன்னு முகத்துக்கு நேராத்தான் வரும். பிடிக்காதவங்க டிவியை அணைச்சிடறாங்க. ஆனா உங்க படத்துல அது கிடையாது. அது ஒரு ஓட்டைப் படகு, ரெண்டு பிராணி, அவ்வளவுதான். இருந்தா இருக்குன்னு சொல்லிட்டுப் போறேன், பொய் சொல்லி எனக்கு என்ன ஆகணும்? ஊர்ல எத்தனை ஆயிரம் பிள்ளைங்க பார்த்த படம். நீங்களும்தானே பக்கத்துல உக்காந்து பார்த்தீங்க. உங்களுக்கு என்ன ஆச்சு?"

"எனக்கு..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டார்.

"நான் ஒண்ணு கேக்கலாமா?" அவள் குரல் இறங்கியது. "நீங்க வாசல்ல நின்னு பேசும்போதே நெனச்சேன். குரலை வெச்சுப் பிழைக்கிற இடம் இது. ஒரு தடவை கேட்டா மறக்காது." தன் போனை எடுத்து, எதையோ தேடி, அவரிடம் நீட்டினாள். "இது நீங்கதானே?"

அவருடைய குரல். அவருடைய அழுகை. ஆனால் குரல் மட்டும் இல்லை. அதற்கு மேலே ஒரு படம் நின்றது. சிட்டு பட்டம் வாங்கிய நாளில் அப்பாவும் மகளுமாக எடுத்துக்கொண்ட படம். அவருடைய வாட்ஸப்பில் முகப்பாக வைத்திருந்தது. அவர் முகத்தை மங்கலாக்கியிருந்தார்கள். மகளின் முகத்தை அப்படியே விட்டு, அதைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம் போட்டிருந்தார்கள். கீழே எழுத்து: "பொம்மைப் படத்தால் அழிந்த ஆசிரியை. உங்கள் பிள்ளைக்குப் பாடம் எடுப்பது யார்?"

"எனக்கு மூணு குழுவுல வந்திருக்கு," என்றாள் அந்த அம்மாள். "மத்தவங்களுக்கு எத்தனையோ."

படியிறங்கி, டயர் கடை வாசலில் நின்று பல் டாக்டருக்குப் போன் போட்டார்.

"என் பொண்ணு போட்டோவை ஏன் போட்டீங்க? தூக்குங்க அதை. இப்பவே தூக்குங்க!"

"பதறாதீங்க சார். முகம் இல்லாம சொன்னா யார் நம்புவா? நல்ல காரியத்துக்குத்தானே. நம்ம குழுவுல வேணா அழிச்சிடறேன். ஆனா அது நம்ம கையை விட்டுப் போயிடுச்சே. ஊர் வாயை மூட உலைமூடி இருக்கா?"

ஓடினார். ஐம்பத்திரண்டு வயதில், வெயிலில், பஸ்ஸுக்குக் காத்திருக்க மனமில்லாமல் மழலையர் பள்ளிக்கு ஓடினார். பிள்ளைகள் போய்விட்டிருந்தார்கள். தலைமை ஆசிரியை குட்டி நாற்காலிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"உங்க பொண்ணு திங்கட்கிழமையே ராஜினாமா எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டாங்க. நாங்க கேக்கல. கேட்டிருப்போம்னு அவங்களுக்குத் தெரியும்."

"அம்மா, நான் சொன்னது தப்புங்க. அந்தப் படத்துல ஒண்ணுமே இல்ல. இப்பத்தான் விசாரிச்சிட்டு வரேன். நான் எல்லார்கிட்டயும் வந்து சொல்றேன், படம் ஒண்ணும் பண்ணலன்னு."

அவள் கையிலிருந்த நாற்காலியோடு அப்படியே நின்றாள். "நீங்க படத்தைப் பத்திப் பேசினீங்க. அவங்க பயப்படறது உங்க பொண்ணைப் பத்தி. நீங்க யார்கிட்டப் போய் என்ன சொல்வீங்க? பெத்த அப்பாவே அழிஞ்சு போனவள்னு சொன்ன பிறகு, நாங்க யாரு அவங்களுக்காகப் பேச?" நாற்காலியை அடுக்கின்மேல் வைத்தாள். "பதினோரு வீட்டுல இருந்து வந்து சத்தம் போட்டாங்க. ஒரு அம்மா, தன் பிள்ளையை இவங்க இனிமே தொடவே கூடாதுன்னு கத்தினாங்க. உங்க பொண்ணு காதுல விழற மாதிரி."

அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மனைவி மருந்துக் கடை வேலை முடிந்து வந்திருந்தாள். சமையலறைத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். அடுப்புப் பற்றவைக்கவில்லை. அவளுக்கும் அந்த வீடியோ வந்திருந்தது. கடையில் வேலை செய்கிற ஒருத்தி காட்டினாளாம்.

"தோளுக்கு மேல வளர்ந்த பிள்ளையைத் தெருவுல நிறுத்திட்டீங்க," என்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். "நாலு மாசமா வியாழக்கிழமை வியாழக்கிழமை நான் போய்ப் பார்த்துட்டுத்தான் வரேன். உங்ககிட்டச் சொல்லல. போன வாரம் வரைக்கும் அவ கேப்பா, 'அப்பா சாப்பிடறாராம்மா, முட்டி வலி எப்படி இருக்கு'ன்னு."

"எனக்கு விலாசம் குடு. நான் போறேன்."

"விலாசம் தர மாட்டேன். நான் கூட்டிட்டுப் போறேன். ஆனா நீங்க வாயைத் திறக்கக் கூடாது. உங்க வாய் பேசினதெல்லாம் போதும்."

ஊரின் மறுகோடியில் ஒரே அறை. ஒரு கட்டில், ஒரு ஜன்னல், மூலையில் அடுப்பு. நர்ஸ் பெண் கதவைத் திறந்தாள். ஒல்லியாக, கண் குழி விழுந்து, வீட்டில் போடுகிற சட்டையோடு இருந்தாள். அவரை யாரென்று தெரிந்ததும் ஒரு நொடி கதவைப் பிடித்தபடி நின்று, பிறகு வழிவிட்டாள். இத்தனை நாள் அவர் மனதில் பேயாக நின்றவள் இவள்தானா என்று இருந்தது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தால் பெயர்கூடக் கேட்கத் தோன்றாத சாதாரணப் பெண்.

சிட்டு சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் வண்ணக் காகிதத்தில் வெட்டிய பூக்களும் மீன்களும் ஒரு குவியலாகக் கிடந்தன. வகுப்புக்காக வெட்டியது. நான்கு நாளாகத் தலை வாரவில்லை என்று பார்த்ததுமே தெரிந்தது. அம்மா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து முடியைக் கோதிவிட்டாள்.

"இவரை எதுக்கும்மா கூட்டிட்டு வந்தே?"

வாயைத் திறக்கக் கூடாது என்பதை அவர் மறந்துவிட்டார். "சிட்டு, அந்தப் போட்டோவை நான் போடலம்மா..."

"குரல் உங்களுதுதானே?"

"ஆமா."

"அழுதது நீங்கதானே?"

அவர் தலையாட்டினார்.

"நான் செத்துப் போயிட்ட மாதிரி அழுதிருந்தீங்கப்பா. ஆறு நிமிஷமும் கேட்டேன். எத்தனை தடவை கேட்டேன்னு எனக்கே தெரியல." அவள் அவரைப் பார்க்காமல் காகித மீன் ஒன்றைப் பார்த்துப் பேசினாள். "நாலு மாசத்துல எனக்கு ஒரு போன் பண்ணல. முன்னபின்ன தெரியாத நானூறு பேர்கிட்ட அழுதீங்க. என்கிட்ட வந்து அழுதிருக்கலாமே?"

ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, சொல்லக் கூடாததைச் சொன்னார். "படத்துல ஒண்ணும் இல்லம்மா. நேர்ல போய் விசாரிச்சிட்டேன்."

சிட்டு சிரித்தாள். அதைச் சிரிப்பு என்று சொல்ல முடியாது. நர்ஸ் பெண் சட்டென்று எழுந்து அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

"படத்தையாப்பா போய் விசாரிச்சீங்க? அந்தப் படம் எனக்கு ஏன் அவ்வளவு பிடிச்சுதுன்னு என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே. நீங்க வேலை முடிஞ்சு கிரீஸ் கையோட வந்து கட்டில் ஓரத்துல உக்காருவீங்க. வாத்து வர்ற இடமெல்லாம் வாத்து மாதிரி கத்திக் காட்டுவீங்க. அதுக்காகத்தான் திரும்பத் திரும்பப் போடச் சொல்லுவேன். வேற ஒண்ணும் இல்ல அதுல."

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

நர்ஸ் பெண் அவர்களோடு தெருவாசல் வரை இறங்கி வந்தாள். "அங்கிள், உங்க மேல கோபப்பட எனக்கு நேரம் இல்ல," என்றாள். "மூணு நாளா நான் டூட்டிக்குப் போகல. அவளைத் தனியா விட பயமா இருக்கு. புரியுதா நான் சொல்றது? நாளைக்கும் போகலேன்னா என் வேலையும் போயிடும். எங்க ஆஸ்பத்திரி மனநல டாக்டர்கிட்டப் பேசியிருக்கேன், சனிக்கிழமை பார்க்கறேன்னு சொல்லியிருக்காங்க. அதுவரைக்கும் பகல்ல யாராவது இருக்கணும். வந்து இருக்கீங்களா?"

புரிந்தது. மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். நான்கு மாதத்தில் முதல் தடவை. பிடிப்புக்காகத்தான், பாசத்தில் அல்ல.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அவர் அங்கே இருந்தார். கதவோரமாக நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். கட்டில் பக்கம் போகத் தைரியம் வரவில்லை. சிட்டு எழுந்தால் எழுந்தார். குளியலறைக்குப் போனால் வெளியே நின்று தண்ணீர்ச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டார். சத்தம் நின்றால் அவர் மூச்சும் நின்றது. எத்தனையோ லிஃப்டுகளின் சத்தத்தைக் கேட்டுக் காரணம் சொன்ன காது, இப்போது ஒரு குழாய் மூடுகிற சத்தத்துக்கு நடுங்கியது. மதியம் சாதம் பிசைந்து தட்டில் வைத்தார். அவள் தொடவில்லை. மாலை நர்ஸ் பெண் வந்து ஊட்டினாள். நான்கு வாய் சாப்பிட்டாள். அவர் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார்.

அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்தே மறுபடியும் குரல் பதிவு செய்தார். "நான் சொன்னது அத்தனையும் தப்பு. படத்துல எதுவும் இல்ல. என் பொண்ணு அழியல. அழிச்சது நான். அந்த வீடியோவை அழிச்சிடுங்க, கையெடுத்துக் கும்பிடறேன்." முப்பது விநாடிதான் வந்தது. இந்தத் தடவை அழுகை வரவில்லை. குழுவில் போட்ட ஐந்தாவது நிமிடம் பல் டாக்டர் அதை அழித்துவிட்டு அவரைக் குழுவிலிருந்தும் நீக்கிவிட்டார். தெரிந்தவர்களுக்கெல்லாம் மெக்கானிக் அதைத் தனித்தனியாக அனுப்பினார். சிலர் பதிலுக்குக் கும்பிடுகிற கைப் படம் போட்டார்கள். சிலர் பார்த்ததாகக்கூடக் காட்டிக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை அந்த மனநல டாக்டரிடம் போனார்கள். மாத்திரையும் பேச்சுமாக நான்கு மாதம் ஓடியது. சிட்டு சாப்பிட ஆரம்பித்தாள். தூங்க ஆரம்பித்தாள். ஒரு கிடங்கில் பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டுகிற வேலை கிடைத்தது. பிள்ளைகள் இருக்கிற பக்கம் அவள் போவதில்லை. தெருவில் ஏதாவது குழந்தை ஓடி வந்தால்கூட ஒதுங்கிக்கொள்கிறாள் என்று நர்ஸ் பெண் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா வரலாம் என்று அனுமதி உண்டு. வந்தால், "வாங்க" என்பாள். போகும்போது, "சரி" என்பாள். நடுவில் அம்மாவிடம் பேசுவாள். அவர் கதவோர நாற்காலியிலேயே உட்கார்ந்திருப்பார்.

ஒரு செவ்வாய்க்கிழமை, பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்றில் கதவு சரியாக மூடுகிறதா என்று பார்க்க லிஃப்டோடு மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தார். மூன்றாவது மாடியில், இடுப்பில் குழந்தையோடு ஓர் இளம் தாய் ஏறினாள். குழந்தை போனைக் கேட்டு அழுதது. அவள் தரவில்லை.

"பொம்மைப் படம் கேக்கறான் சார். நான் காட்டறதே இல்ல," என்றாள் அவரிடம். "ஒரு வீடியோ பார்த்தேன். பாவம், ஒரு அப்பா. கேட்டா மனசு ஆறாது. நீங்க பார்த்தீங்களா?" போனை எடுத்து ஓடவிட்டாள். லிஃப்டின் நான்கு சுவருக்குள் அவருடைய அழுகை எதிரொலித்தது.

அவர் நிறுத்தும் பொத்தானை அழுத்தினார். லிஃப்ட் குலுங்கி நின்றது.

"அம்மா, அது நான்தான். அந்தப் பொண்ணு என் பொண்ணு. நான் சொன்னது பொய். அவளுக்கு எந்தக் கெடுதலும் ஆகல, நான் பண்ணினதைத் தவிர. தயவுசெஞ்சு அதை அழிச்சிடுங்க."

அவள் பயந்துவிட்டாள். குழந்தையை இறுக்கிக்கொண்டு, எண்ணெய்க் கறை படிந்த அவர் சட்டையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்ன சார் பேசறீங்க? அது எப்படிப் பொய்யா இருக்கும்? அவர் எப்படி அழறாரு பாருங்க. நடிச்சா அப்படி அழ முடியுமா?"

"நடிக்கல. நெஜமாத்தான் அழுதேன்."

"அப்புறம் என்ன? முதல்ல லிஃப்டை ஓட்டுங்க. நான் இறங்கணும்."

அவர் பொத்தானை விடுவித்தார். ஆறாவது மாடியில் அவள் இறங்கி வேகமாக நடந்தாள். குழந்தை தோளுக்கு மேலிருந்து அவரைப் பார்த்துக் கையை ஆட்டியது. கதவு மூடிக்கொண்டது. எட்டாவது மாடியில் யாரோ அழைத்தார்கள். கதவு திறந்ததும் ஒருவர் ஏறினார். மெக்கானிக் ஓரமாக ஒதுங்கி நின்று, அந்த ஆள் கையில் இருக்கிற போனைப் பார்த்துக்கொண்டே லிஃப்டோடு கீழே இறங்கினார்.